எந்த பஸ்ல வந்தே?

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறவளிடம் மற்றவர்கள் கேட்கிற கேள்விகள் வேறு. எத்தனையாவது மாதம், எப்போது வலி எடுத்தது, பனிக்குடம் உடைந்ததா என்று சிஸ்டர் கேட்பார். கூட வந்தது யார், சீட்டு எங்கே என்று வாசல்காரர் கேட்பார். சந்திரகலா அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பாள், இடுப்பில் ஒரு கையைக் கொடுத்துப் படியேற்றுவாள், மூன்றாவது படியில் கேட்பாள்.

"எந்த பஸ்ல வந்தே?"

"பஸ்ஸில்லக்கா, டிராக்டர்ல வந்தோம்" என்று ஒருத்தி சொன்னாலும் விடமாட்டாள். "சரி, பஸ்ல வந்திருந்தா எந்த பஸ்?" என்பாள். பௌர்ணமியன்று வந்தவளிடம் மட்டும் கேள்வி கொஞ்சம் மாறும். அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்துக்காக வேலூர் வண்டிகளை ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால், "வேங்கிக்கால்ல எறக்கி வுட்டுட்டானா?" என்று பாதி பதிலையும் தானே சேர்த்துக் கேட்பாள்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம் அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆயாவாகச் சேர்ந்தவள். பத்து வருடம் ஆகப்போகிறது. குள்ளமான உருவம். மணிக்கட்டு மட்டும் உருவத்துக்குப் பொருந்தாமல் உருண்டு கெட்டியாக இருக்கும். நீலப் புடவையின் இடுப்பு மடிப்பில் எந்நேரமும் ஓர் எலுமிச்சம்பழம் செருகியிருக்கும். டீசல் வாசனை அவளுக்கு ஆகாது. பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போதே பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வாள். பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது ஸ்டாப்பில் வாந்தி. அதனால் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடைதான், உறவுக்காரர் கல்யாணம் கருமாதிக்கும் நடந்து போகிற தூரம் என்றால்தான் வருவாள். அப்படிப்பட்டவளுக்கு மாவட்டத்தில் ஓடுகிற வண்டிகளின் ஸ்டாப் பெயர்கள் எல்லாம் எதற்கு என்பது அவள் அண்ணன் ஆதிமூலத்துக்கு வெகுநாள் புரியாத சங்கதியாக இருந்தது.

ஆதிமூலம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருவண்ணாமலையில் புறப்பட்டு, கீழ்பென்னாத்தூரைத் தாண்டி நெடுங்கொல்லை என்கிற கிராமம்வரை போய்த் திரும்புகிற வண்டி. எட்டாவதோடு நின்ற படிப்புதான் என்றாலும் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். பத்தொன்பது வருடத்தில் ஒரு ஸ்டாப்பையும் பேர் சொல்லாமல் தாண்டியவரில்லை. இறங்குகிறவர் ஒருவரும் இல்லையென்றாலும் படியில் நின்று சொல்லிவிடுவார். "யாருக்குண்ணா சொல்றே, காக்காவுக்கா?" என்று டிரைவர் வேடியப்பன் கேலி செய்வார். ஊர் பேரை அந்த ஊரில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது ஆதிமூலத்தின் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், கை கழுவும் முன்பே சந்திரகலா ஆரம்பித்துவிடுவாள். "அண்ணா, சோமாசிபாடி தாண்டுனா அடுத்தது இன்னா?" அடுத்த வாரம் செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி எந்த ஸ்டாப் என்று கேட்பாள். அதற்கடுத்த வாரம் போளூர் ரோடு. முதலில் ஆதிமூலம், தங்கச்சி எங்கோ மனை வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தார். பிறகு மகனுக்குப் பெண் தேடுகிறாளோ என்று தோன்றியது. பையனுக்கு அப்போது பதினான்கு வயது. "உன் தங்கச்சி தனியா பஸ் வுடப் போறா, உன்னெ கண்டக்டரா வெச்சுக்குவா" என்று அவர் மனைவி ஒரு முடிவு சொன்னாள். சந்திரகலாவைக் கேட்டால், "சும்மாதாண்ணா, தெரிஞ்சுக்கலாம்னு" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

விஷயம் வெளியானது அவருடைய பஸ்ஸிலேயேதான். ஒரு நாள் பெண்கள் சீட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, கண்ணை மூடிக்கொண்டு, அவர் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்று ஸ்டாப் பொறுத்துப் பார்த்தார். நான்காவதில் கேட்டுவிட்டார்.

"யாரும்மா நீ, எனக்கு முன்னாடி கூவினு வர்றே?"

அவள் சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கலா ஆயாம்மா கற்றுக்கொடுத்தது என்றாள். வலி வந்தால் இந்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளச் சொன்னார்களாம்.

"எந்த பஸ்ல?"

"இதே பஸ்லதாங்க."

மூன்று வருடமாகத் தன்னுடைய வண்டி, தனக்குத் தெரியாமல், ஆண் வாடையே படாத அந்த அறைக்குள் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதை ஆதிமூலம் அன்றுதான் அறிந்தார். அந்தப் பயணத்தில் ஒருவருக்கு டிக்கெட்டைத் தவறாகக் கிழித்துக் கொடுத்தார் என்று வேடியப்பன் இப்போதும் சொல்வதுண்டு.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்திக் கேட்டபோது சந்திரகலா சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண் கட்டிலிலிருந்து இறங்கி, நான் வீட்டுக்குப் போகிறேன், விடுங்கள் என்று வாசலைப் பார்த்து நடந்துவிட்டாளாம். அந்த மாதிரி நேரத்தில் அதட்டுவதுதான் வழக்கம். சேலையைப் பிடித்து இழுத்து, அன்றைக்கு இனித்ததா, இன்றைக்குக் கசக்கிறதா என்று கேட்கிற வாய்களும் உண்டு. சந்திரகலாவும் அந்தப் பேச்சைக் கேட்டுப் பிள்ளை பெற்றவள்தான். வாயில் துணியைக் கவ்விக்கொண்டு சத்தம் வராமல் பெற்றாள். ஆனால் அதே வார்த்தை தன் வாயில் வரவில்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "சரி போ. எந்த பஸ்ல போவே? வழியில இன்னா இன்னா ஊர் வரும்?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான்காவது ஊரில் வலி விட்டுவிட்டது.

"அவளுக்கே ஆச்சரியம்ணா. எனக்கும்தான். அடுத்த வலி வந்ததும் அவளே கேக்குறா, எங்க வுட்டோம்கா, அங்கிருந்து ஏறலாமான்னு."

அப்படித்தான் தொடங்கியது. ஆனால் சந்திரகலா அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஏன் விட்டது என்று பார்க்க ஆரம்பித்தாள். பச்சை ரெக்சின் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. ஒரு வலி எத்தனை ஸ்டாப் ஓடுகிறது என்று முள்ளைப் பார்த்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ப் பேரைச் சொல்ல முடியாது, வாய் திறந்தாக வேண்டும், மூச்சை வெளியே விட்டாக வேண்டும் என்பதைக் கவனித்தாள். மூச்சு வெளியே போனால் தோள் தானாக இறங்குகிறது. தோள் இறங்கினால் தொடை இறுக்கம் விடுகிறது. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்தாவது படித்தவள், எதிரில் இருக்கிற உடம்பைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

வலி என்ற சொல்லை வார்டுக்குள் அவள் பயன்படுத்துவதில்லை. "வண்டி வருது, ஏறிக்கோ" என்பாள். வண்டி நம்மைக் கேட்டுக்கொண்டு வராது, ஆனால் ஏறினவர்களை எங்கேயாவது இறக்கிவிட்டுத்தான் ஆகவேண்டும் என்பாள். கட்டிலில் இருப்பவள் ஸ்டாப்புகளைச் சொல்லிக்கொண்டு போகும்போது, சந்திரகலா உள்ளங்கையின் அடிப்பகுதியால் அவள் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் அழுத்திக்கொண்டே இருப்பாள். அந்த மணிக்கட்டு கெட்டிப்பட்டது இதனால்தான். வலி விட்டதும் ஒரு வாய் வெந்நீர், இடது பக்கமாகப் படுக்க ஒரு தலையணை, முடிந்தவளுக்கு வராந்தாவில் நாலு எட்டு நடை. ஊர் வந்து சேர்ந்துவிட்டால் திரும்பி வரவேண்டும். சிலருக்கு நான்கு சிங்கிளில் பிள்ளை பிறந்துவிடும், சிலருக்குப் பத்து சிங்கிள் அடிக்க வேண்டும். ஒருவழி ஓட்டத்தைச் சிங்கிள் என்று சொல்வதை அண்ணனிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

கத்தாதே என்று யாரும் சொல்வதை அவள் பொறுக்கமாட்டாள். "கத்து. ஸ்டாப் பேரைச் சொல்லிக் கத்து" என்பாள். வராந்தாவில் காத்திருந்த மல்லாக்கொட்டை வியாபாரி ஒருவர், உள்ளேயிருந்து "சோமாசிபாடீ" என்று ஒரு அலறலைக் கேட்டு எழுந்து நின்றாராம். தாம் அந்த ஊர்க்காரர் என்பதால் தம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

பெரிய சிஸ்டர் ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு ஒரு நாள் சந்திரகலா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், "சிஸ்டர், எட்டு ஸ்டாப் ஓடுது. இனி நடுவுல நிக்காது" என்று சொன்னாள். சிஸ்டர் வேண்டாவெறுப்பாக வந்து பார்த்தார், உடனே கையுறையைத் தேடினார். அன்று முதல், "கலா, எத்தனை ஸ்டாப்?" என்று அவரே கேட்பார். மருந்து கொடுப்பது நாங்கள், பஸ் ஓட்டுவது நீ என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சென்னையில் முதுகில் ஓர் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே வலியே தெரியாதாம் என்று அவர் ஒருமுறை சொன்னபோது, சந்திரகலா அதைப் பற்றி ஒரு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஊசி எவ்வளவு நீளம், எத்தனை நேரம் தாங்கும், கால் மரத்துப்போனால் முக்குவது எப்படி என்று. "அது இங்க வந்துச்சுன்னா நான் சந்தோசமா பக்கெட்டத் தூக்கினு போயிடுவேன். அதுவரைக்கும் பஸ்தான்" என்றாள்.

இதையெல்லாம் கேட்டபின் ஆதிமூலத்தால் சும்மா இருக்க முடியவில்லை. காலண்டர் அட்டைகளின் பின்புறத்தில் ஒன்பது ரூட்டுகளை வரிசையாக எழுதினார். தெரியாத ரூட்டுகளுக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மற்றக் கண்டக்டர்களைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார். தம்முடைய ரூட்டைத்தான் எல்லாவற்றையும்விட ஆசையாக எழுதினார். கணக்கில் உள்ள ஸ்டாப்புகள் மட்டுமல்ல, கை காட்டினால் நிற்கிற இடங்களையும் விடவில்லை. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் செங்கல் சூளை, அதற்கடுத்துப் புளியமரம், பிறகு மதகு, பிறகு நெடுங்கொல்லை. தங்கச்சிக்காகத் தன்னால் செய்ய முடிந்த ஒரு காரியம் என்று அவருக்கு அதில் பெருமை. சந்திரகலா ஒன்பது அட்டைகளையும் ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

அதற்குப்பின் வேலை வேகமானது. முன்பெல்லாம் ஒருத்தி நடுவில் பேர் மறந்து தடுமாறினால், சந்திரகலா காத்திருப்பாள். இப்போது அடுத்த பேரை எடுத்துக்கொடுத்துவிட முடிந்தது.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, நெடுங்கொல்லையிலிருந்து பொன்னி வந்தாள். இரண்டாவது பிரசவம், இருபத்துநான்கு வயது, மாமியார் கன்னியம்மாள் துணை. முதல் குழந்தை இல்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. எப்படி இல்லை, எங்கே இல்லை என்று சீட்டில் எழுத இடம் கிடையாது.

மூன்றாவது படியில் வழக்கமான கேள்வி வந்தது. பொன்னி, "அவலூர்பேட்டை பஸ்" என்றாள்.

"நெடுங்கொல்லைக்கு ஏது அவலூர்பேட்டை பஸ்? கீழ்பென்னாத்தூர் வண்டிதானே, எங்கண்ணன் வண்டி" என்று சந்திரகலா திருத்தினாள். சொல்லும்போது அண்ணன் என்ற பெருமையும் இருந்திருக்க வேண்டும். பொன்னி குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வலி வந்துவிட்டது.

மத்தியானம்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. முதலில் மூன்று ஸ்டாப், பிறகு ஐந்து. சோமாசிபாடி தாண்டியது, கீழ்பென்னாத்தூர் தாண்டியது. இரண்டு மணிக்கு ஒரு பெரிய வலியில் பொன்னி "செங்கல் சூளை" என்று சொல்லி நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. பேர் வரவில்லை. சந்திரகலா குனிந்து, அவள் காதருகே, உதவி செய்கிற குரலில் சொன்னாள்.

"அடுத்து புளியமரம். சொல்லு, புளியமரம்."

பொன்னியின் பல் சேர்ந்துகொண்டது. அவள் கத்தவில்லை, அழவில்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, தொடைகளை இறுக்கி, மூச்சை உள்ளேயே நிறுத்திக்கொண்டாள். அந்த வலி போனது, அடுத்தது வந்தது. அதற்கும் அப்படியே. தண்ணீர் கொடுத்தால் முகத்தைத் திருப்பினாள். இடுப்பில் வைத்த கையைத் தட்டிவிட்டாள். நான்கு மணிவரை இதுதான் நிலைமை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, ஊசியும் போட்டாகிவிட்டது, ஆனாலும் பிள்ளை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. டாக்டரம்மா குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டு, குழந்தையின் துடிப்பு களைத்துப் போகிறது, இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றார். அதற்குள் இறங்காவிட்டால் ஆபரேஷனுக்கு வேலூருக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும், அன்று மயக்க மருந்து டாக்டர் ஊரில் இல்லை. வேலூர் இரண்டரை மணி நேரப் பாதை. இந்த நிலையில் அந்தப் பாதையைக் குழந்தை தாங்குமா என்பதை அவர் சொல்லவில்லை.

"உன் பஸ் வெளையாட்ட இதோட நிறுத்திக்கோ கலா" என்றார் பெரிய சிஸ்டர்.

சந்திரகலா வராந்தாவுக்குப் போனாள். கன்னியம்மாள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளெதிரே குந்தி உட்கார்ந்து கேட்டாள். "அந்தப் புளியமரத்துல இன்னாம்மா?"

மூன்று வருடத்துக்கு முன், மழைநாளில், இதே பொன்னியை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு இதே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்களாம். புளியமரத்தடியில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அங்கேயே பிறந்தது, ஆண் பிள்ளை. "மூச்சே வுடலம்மா. இவ வாயில வெச்சு வெச்சு ஊதுனா" என்றாள் கன்னியம்மாள். அதற்குப்பின் பொன்னி அந்த ரோட்டில் கால் வைப்பதில்லை. டவுனுக்கு வரவேண்டுமானால் ஏரிக்கரைமேல் ஒரு மணி நேரம் நடந்து, அந்தப் பக்கம் போய் அவலூர்பேட்டை பஸ்ஸைப் பிடிப்பாள். இன்று காலையும், நிறைமாத வயிற்றோடு, அப்படித்தான் நடந்து வந்தாள்.

கேட்ட கேள்விக்குப் பொன்னி காலையிலேயே சரியாகப் பதில் சொல்லியிருக்கிறாள். கேட்டவள்தான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

சந்திரகலா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். உள்ளே வந்து கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு, பொன்னியின் முகத்துக்கு நேராக முகம் இருக்கும்படி உட்கார்ந்தாள். படியில் கேட்ட அதே கேள்வியை மறுபடி, முதல் தடவையாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எந்த பஸ்ல வந்தே?"

கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, "அவலூர்பேட்டை பஸ்" என்றாள் பொன்னி.

"எனக்கு அந்த வழி தெரியாது. பஸ் எறங்குனப்பறம் கரை மேல எப்டி போவணும்னு சத்தியமா தெரியாது. நீதான் கூட்டினு போவணும்."

அது உண்மையும்கூட. ஒன்பது அட்டையில் எதிலும் அந்த ஏரிக்கரை இல்லை. அடுத்த வலி வந்தபோது பொன்னி பல்லைப் பிரித்து, "கலங்கல்" என்றாள். ஏரித்தண்ணீர் வழிகிற இடம்.

"அப்புறம்?"

"நாணப் பொதரு."

"கரை எவ்ளோ அகலம்? ரெண்டு பேர் சேர்ந்து போலாமா?"

"போவ முடியாது. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான்."

"அப்ப நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வர்றேன்" என்று சொல்லி, சந்திரகலா கட்டிலைச் சுற்றிப் போய் அவள் முதுகுப் பக்கம் நின்று, கையை அந்த இடத்தில் வைத்தாள். இந்த முறை பொன்னி தட்டிவிடவில்லை. பம்ப்செட், கரும்புத் தோட்டம், தாமரைக் குட்டை, பிறகு பெரியப்பா வீட்டு வைக்கோல் போர். ஒவ்வொன்றுக்கும் சந்திரகலா ஏதாவது கேட்டாள். குட்டையில் தண்ணீர் இருக்கிறதா, கரும்பு யாருடையது, பெரியப்பா வீட்டு நாய் கடிக்குமா என்று. அவளுக்கு எல்லாமே தெரிந்துகொள்ள வேண்டியதாக இருந்தது. மூன்றாவது தடவை கரையைக் கடந்து திரும்பும்போது, ஐந்து மணிக்கு இன்னும் சில நிமிடம் இருக்கையில், "வூட்டு வேலி வந்துட்ச்சுக்கா" என்று பொன்னி கத்தினாள். சிஸ்டர் ஓடி வந்தார். பெண் பிள்ளை. பிறந்ததும் வராந்தாவரை கேட்கிற சத்தம்.

இதைச் சொல்கிறவர்களிடம் சந்திரகலா உடனே குறுக்கிடுவாள். ஊசி வேலை செய்திருக்கும், அது பாட்டுக்கு இறங்குகிற நேரமும் வந்திருக்கும், தான் ஒன்றும் செய்யவில்லை என்பாள். தான் செய்த ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்வாள். இரண்டு மணி முதல் நான்கு மணிவரை அந்தப் பெண்ணைப் புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திவைத்தது தான்தான் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது அட்டைகளையும் துணிப்பையில் போட்டு எடுத்து வந்து, அண்ணன் முன்னால் வைத்தாள். "இத நீயே வெச்சுக்கோண்ணா."

ஆதிமூலத்துக்கு முகம் வாடிவிட்டது. "எங்கனா தப்பா எழுதிட்டேனா?"

"ஒரு தப்பும் இல்ல. எல்லாம் சரியா கீது. அதான்" என்றாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டே முழுக் கதையையும் சொன்னாள். இனி யாருக்கும் பேர் எடுத்துக்கொடுப்பதில்லை, தெரிந்த ரூட்டாக இருந்தாலும் தெரியாத மாதிரிதான் கேட்கப்போகிறேன் என்றாள். ஆதிமூலம் தம்முடைய ரூட்டு அட்டையை எடுத்து, புளியமரம் என்று தாம் எழுதியிருந்ததைப் பார்த்தார். நல்ல எழுத்து. அடிக்கோடும் போட்டிருந்தார்.

ஏழாம் நாள் பொன்னியை வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் போட்ட உடம்போடு ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடக்க முடியாது. நெடுங்கொல்லை வாசலில் இறக்கிவிடுகிற வண்டி ஒன்றே ஒன்றுதான், ஆதிமூலத்தின் வண்டி. பொன்னி ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டுச் சந்திரகலாவைக் கேட்டாளாம். "அதுலயே போறேன்க்கா. எங்கூட வருவியா?"

மத்தியான வண்டிக்கு மூவரும் குழந்தையோடு வந்தபோது, வேடியப்பன் டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணா, கலாக்கா பஸ் ஏறுது. மழை வரப்போவுது பாரு."

"வண்டிய மெதுவா ஓட்டுப்பா, உனக்குப் புண்ணியமா போவும்" என்றாள் சந்திரகலா. எலுமிச்சம்பழம் அப்போதே மூக்கில் இருந்தது.

கன்னியம்மாள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் தனக்கு வேண்டும் என்றாள் பொன்னி, அதுவும் இடது பக்கம். புளியமரம் இடது பக்கம்தான். பக்கத்தில் சந்திரகலா. வண்டி டவுனைத் தாண்டுவதற்குள் சந்திரகலாவின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, நெற்றி வேர்த்தது. சோமாசிபாடியில், "எறங்கி நின்னுட்டு வர்றியா?" என்று ஆதிமூலம் கேட்டார். தலையை ஆட்டி மறுத்தாள். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆதிமூலம் வழக்கம்போல ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வந்தார். கீழ்பென்னாத்தூரில் பாதி வண்டி காலியானது. செங்கல் சூளை என்று சொன்னார், இரண்டு பேர் இறங்கினார்கள். விசில் கொடுத்தார். அடுத்த பேர் தொண்டைவரை வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அதை விழுங்கிவிட்டு, படிக் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்தார். வண்டியில் எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. மரம் தூரத்தில் தெரிந்தது, பெரிதாயிற்று, அதன் நிழல் பானெட்டின்மேல் ஏறி உள்ளே வந்தது.

"புளியமரம்" என்று ஒரு குரல் சொன்னது. பொன்னியின் குரல். கத்தவில்லை. மூச்சை முழுக்க வெளியே விட்டுச் சொன்னாள்.

ஏதோ உருண்டு வந்து ஆதிமூலத்தின் செருப்பில் முட்டியது. எலுமிச்சம்பழம். குனிந்து எடுத்து, தங்கச்சியிடம் நீட்டினார். அவள் பார்க்கவில்லை. பழம் பிடித்திருந்த கை பொன்னியின் முதுகுக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே, அந்த இடத்தில் அழுந்தியிருந்தது. மரம் தாண்டியது, மதகு தாண்டியது, நெடுங்கொல்லை வந்தது. சந்திரகலா கையை எடுக்கவில்லை.